கிராமத்துக்கு வைத்தியர் தந்த கிறீன்



உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்ன செய்வார்? நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். குறையாவிட்டால் அடுத்த நாள் உங்களை வைத்தியரிடம் கூட்டிப் போவார். வைத்தியர் உங்களிடம் எங்கே நோகிறது, எத்தனை நாளாக இருக்கிறது, சாப்பிட்டாயா என்றெல்லாம் தமிழிலே கேட்பார். நீங்களும் தமிழிலே பதில் சொல்வீர்கள். இது மிகச் சாதாரணமான விடயம் என்றுதான் நினைப்பீர்கள்.

ஆனால் 170 ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நிலைமை வேறு. நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் பரம்பரையாகக் கற்ற முறைப்படி மூலிகை மருந்து கொடுத்தார்கள். கட்டியை அறுத்து எடுக்கவோ, பிரசவத்தில் சிக்கல் வந்தால் தாயைக் காப்பாற்றவோ, முறிந்து நசுங்கிய காலைச் சத்திரசிகிச்சை செய்யவோ படித்தவர்கள் மிகமிகக் குறைவு. அப்படிப் படித்தவர்களைக் கிராமத்துக்குக் கொண்டு வருவது எப்படி என்று யோசித்து, அதற்காகவே தன் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர். அமெரிக்காவில் பிறந்தவர். அவர்தான் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்றொரு நகரம் இருக்கிறது. அந்த நகருக்கு அருகே கிறீன் ஹில் என்று அழைக்கப்பட்ட பண்ணை வீட்டில் 1822 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10 ஆம் திகதி சாமுவேல் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த பெரிய குடும்பம் அது. அவருடைய அண்ணன் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன். நியூயோர்க் நகரின் நடுவிலே இருக்கும் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் பூங்காவை உருவாக்கியதில் முக்கிய பங்கு இந்த அண்ணனுக்கு உண்டு. அண்ணன் பெரிய நகரம் ஒன்றைக் கட்டியெழுப்பினார். தம்பியோ கடல் கடந்து ஒரு கிராமத்துக்குப் போனார்.

ஒரு சுவையான செய்தி சொல்லட்டுமா? யாழ்ப்பாணத்து நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822 ஆம் ஆண்டிலேதான். நாவலர் சைவ சமயத்துக்காக உழைத்தவர். கிறீன் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்தவர். இருவருடைய பாதைகளும் வேறு வேறு. ஆனாலும் கல்வியைத் தமிழிலே கொடுக்க வேண்டும் என்பதற்காக இருவருமே ஒரே காலத்தில், ஒரே குடாநாட்டில் பாடுபட்டார்கள்.

சாமுவேல் நியூயோர்க் நகரில் வைத்தியக் கல்வி கற்று, 1845 ஆம் ஆண்டு வைத்தியராகப் பட்டம் பெற்றார். நியூயோர்க்கிலேயே தங்கியிருந்தால் நல்ல வருமானத்தோடு வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் அமெரிக்க மிஷனில் சேர்ந்து, வைத்தியராக வெளிநாடு செல்ல முன்வந்தார். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவது அந்த மிஷனின் நோக்கம். நோயாளரைக் குணப்படுத்துவதும் அதனோடு சேர்ந்த பணியாக இருந்தது.

அந்த மிஷன் யாழ்ப்பாணத்தில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தது. 1820 ஆம் ஆண்டில் ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கியிருந்தார். அவர் பின்னர் சென்னைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் நேதன் வார்ட். அவரும் போன பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். அந்த இடத்துக்குத்தான் இளைஞர் கிறீன் வந்தார்.

கப்பலில் பல மாதங்கள்

இன்று விமானத்தில் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்துவிடலாம். அன்று விமானம் இல்லை. சுயஸ் கால்வாயும் வெட்டப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1869 ஆம் ஆண்டிலே. எனவே கப்பல்கள் ஆபிரிக்காக் கண்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். கிறீன் 1847 ஆம் ஆண்டு கப்பலேறி, பல மாதங்கள் கடலிலே கழித்து, ஒக்ரோபர் மாதம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 25 வயது.

அவர் வந்த காலம் வைத்திய உலகில் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம். அதற்கு முன்பெல்லாம் நோயாளி விழித்திருக்கும்போதே அறுவைச் சிகிச்சை செய்வார்கள். வலி தாங்காமல் துடிப்பவரை நாலைந்து பேர் பிடித்துக்கொள்வார்கள். 1846 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஈதர் என்ற மருந்தைச் சுவாசிக்கக் கொடுத்து மயங்கச் செய்து, வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கிறீன் புறப்பட்டு வந்தார். புதிதாகப் பிறந்துகொண்டிருந்த வைத்தியக் கலையைக் கையோடு கொண்டு வந்தார் என்று சொல்லலாம்.

மானிப்பாயில் ஒரு மருந்துச்சாலை

கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அங்கே அமெரிக்க மிஷன் 1823 ஆம் ஆண்டு தொடங்கிய உயர்கல்விச் சாலை ஒன்று இருந்தது. வட்டுக்கோட்டை செமினரி என்று அதைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டிலே அவர் மானிப்பாய்க்குப் போனார். அங்கே ஒரு மருந்துச்சாலையை நடத்தினார். அமெரிக்க மிஷனின் அச்சகமும் மானிப்பாயிலேயே இருந்தது. இந்த அச்சகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ரயில் இல்லை. மோட்டார் வண்டி இல்லை. மாட்டு வண்டியிலும், சிலர் ஆட்கள் தூக்கிய கட்டிலிலும் நோயாளரைக் கொண்டு வருவார்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், கண் நோய், பாம்புக்கடி, பனையிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு என எத்தனையோ விதமான துன்பங்கள். ஏழை, பணக்காரர் என்றில்லாமல் எல்லோரும் வந்தார்கள். ஆயிரக்கணக்கான நோயாளரைக் கிறீன் பார்த்தார்.

வந்தவர்கள் பேசியது தமிழ். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியுமா? எனவே கிறீன் தமிழைப் படிக்கத் தொடங்கினார். பேசவும் வாசிக்கவும் எழுதவும் கற்றார். வயிற்றுளைவு, நெஞ்செரிவு, தலைச்சுற்று, கைகால் உளைவு என்று நம் ஊரார் சொல்லும் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோவு. வித்தியாசம் புரிந்தவருக்குத்தான் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியும்.

ஒருவரால் முடியுமா?

பிள்ளைகளே, ஒரு கணக்கு யோசித்துப் பாருங்கள். குடாநாடு முழுவதும் எத்தனை ஊர்கள்! பருத்தித்துறை எங்கே, ஊர்காவற்றுறை எங்கே, சாவகச்சேரி எங்கே! மானிப்பாயில் இருக்கும் ஒரே ஒரு வைத்தியர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இரவிலே ஒரு தாய்க்குப் பிரசவம் சிக்கலானால், மானிப்பாய்க்கு வண்டி கட்டிப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு என்று கிறீன் கண்டார். அந்தந்த ஊர் இளைஞர்களையே வைத்தியர்களாக ஆக்க வேண்டும். 1848 ஆம் ஆண்டிலேயே, தான் வந்து சேர்ந்த அடுத்த ஆண்டிலேயே, சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கிவிட்டார்.

கொழும்பிலே அரசாங்கத்தின் வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது 1870 ஆம் ஆண்டில். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே மானிப்பாயில் மேலைத்தேச வைத்திய வகுப்பு நடந்தது என்பது நாம் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

வகுப்பென்றால் இன்றைய பெரிய கட்டடங்களையும் ஆய்வுகூடங்களையும் கற்பனை செய்யாதீர்கள். மருந்துச்சாலைதான் வகுப்பறை. மாணவர்கள் பாடம் படித்தார்கள். ஆசிரியர் நோயாளரைப் பார்க்கும்போது பக்கத்திலே நின்று கவனித்தார்கள். மருந்து கலக்கவும் புண்ணைக் கழுவிக் கட்டவும் பழகினார்கள். சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று புத்தகத்தில் மட்டும் வாசித்தால் ஓட்ட வருமா? வைத்தியமும் அப்படித்தான். கண்ணால் பார்த்து, கையால் செய்து பழக வேண்டும்.

மாணவர்கள் எங்கே போனார்கள்?

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வேறு வழியும் இருக்கவில்லை. வைத்திய நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. மாணவர்களும் ஆங்கிலம் படித்தவர்கள். அவர்கள் கெட்டிக்காரர்களாகக் கற்றுத் தேறினார்கள். இனிக் கிராமத்துக்கு வைத்தியர் கிடைத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் நடந்தது என்ன? இலங்கையை அப்போது ஆண்டவர்கள் ஆங்கிலேயர். வைத்தியமும் ஆங்கிலமும் தெரிந்த இளைஞர்களுக்கு அரசாங்கத்தில் உத்தியோகம் கிடைத்தது. மாதச் சம்பளம் கிடைத்தது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. தென்னிலங்கையிலும் நகரங்களிலும் ஆள் தேவைப்பட்டது. எனவே படித்து முடித்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போய்விட்டார்கள். கிராமத்திலே நோயாளர் முன்போலவே காத்திருந்தார்கள்.

அந்த இளைஞர்களைக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தைக் காப்பாற்ற எல்லோருக்கும் வருமானம் வேண்டும் அல்லவா? கிறீன் அவர்கள்மேல் கோபப்பட்டு நின்றுவிடவில்லை. தாம் கற்பித்த முறையிலேயே ஏதோ குறை இருக்கிறது என்று யோசித்தார். கிராமத்துக்கென்று பயிற்றுவிக்கிறோம். ஆனால் கிராமத்தை விட்டுப் போவதற்கான கதவையும் நாமே திறந்து கொடுக்கிறோம். அந்தக் கதவு ஆங்கிலம் என்று அவருக்குத் தோன்றியது.

மீண்டும் வந்தார்

பத்து ஆண்டுகள் ஓயாமல் உழைத்த கிறீன் 1857 ஆம் ஆண்டு தாய்நாடு சென்றார். சில ஆண்டுகள் அங்கே தங்கினார். மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்மணியைத் திருமணம் செய்தார். போதும், இனி இங்கேயே இருப்போம் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1862 ஆம் ஆண்டு மனைவியோடு மீண்டும் மானிப்பாய்க்கு வந்து சேர்ந்தார்.

இம்முறை அவர் ஒரு முடிவோடு வந்தார். இனி வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்பதுதான் அந்த முடிவு. 1864 ஆம் ஆண்டளவில் தமிழ்மொழி மூல வகுப்பு தொடங்கியது.

இது எல்லோருக்கும் பிடித்த முடிவல்ல. ஆங்கிலத்தில் படித்தால்தானே உத்தியோகம் கிடைக்கும், மதிப்புக் கிடைக்கும் என்று அன்றும் மக்கள் நினைத்தார்கள். தமிழிலே படித்தவரை அரசாங்கம் வேலைக்கு எடுக்காதே என்ற கவலை பெற்றோருக்கும் மாணவருக்கும் இருந்தது. அந்தக் கவலை நியாயமானதுதான். கிறீனின் திட்டமோ அதற்குள்ளேதான் இருந்தது. தமிழிலே படித்தவர் தமிழ் ஊரிலேதான் தொழில் செய்வார். தம் ஊரிலே குடியிருந்து, ஊரவர் கொடுக்கும் கட்டணத்தில் வாழ்வார். மிஷனின் சம்பளத்தையோ அரசாங்கத்தின் சம்பளத்தையோ எதிர்பார்க்க மாட்டார். ஆங்கிலம் படிக்க வாய்ப்பில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளும் வைத்தியராக முடியும்.

இன்னொரு விடயத்திலும் அவர் கண்டிப்பாக இருந்தார். தம் மாணவர்கள் ஐரோப்பியரைப் போல உடுத்தி, ஐரோப்பியரைப் போல வாழ்ந்து, ஊராரிடமிருந்து விலகிப்போவதை அவர் விரும்பவில்லை. வேட்டி சால்வையோடு, தம் மக்களில் ஒருவராகவே வைத்தியர் இருக்க வேண்டும் என்று விரும்பினார். வைத்தியர் அந்நியரைப் போல வந்து நின்றால் நோயாளி மனம்விட்டுப் பேசுவாரா? நீங்களே சொல்லுங்கள்.

சொற்களைத் தேடிய வைத்தியர்

தமிழில் கற்பிப்பது என்று முடிவு செய்தால் போதுமா? புத்தகம் வேண்டுமே! மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. தசைகள், நரம்புகள், இரத்தக் குழாய்கள், சுரப்பிகள் என்று இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். நோய்களுக்குப் பெயர் வேண்டும். மருந்துகளுக்குப் பெயர் வேண்டும். ஆயுதங்களுக்கும் பெயர் வேண்டும்.

இந்த வேலையைக் கிறீன் முதல் தடவை வந்தபோதே தொடங்கியிருந்தார். உடலின் அமைப்பையும் தொழிலையும் சுகமாக வாழும் வழியையும் கூறும் ஒரு நூல் 1852 ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்தது. அதன் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். பெயரைக் கேட்டால் மூச்சு வாங்குகிறதா? கொஞ்சம் பொறுங்கள். விளக்கம் கடைசியில் இருக்கிறது. 1857 ஆம் ஆண்டு பிரசவ வைத்தியம் என்ற நூல் வந்தது.

மானிப்பாய்க்குத் திரும்பி வந்த பிறகு வேலை வேகமெடுத்தது. 1867 இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1872 இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்ற பெரிய நூல்கள் வந்தன. 1875 இல் கெமிஸ்தம் வந்தது.

இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி கிரே என்ற வைத்தியர் மனித உடற்கூறு பற்றி எழுதிய நூல் 1858 ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்தது. உலகெங்கும் வைத்திய மாணவர்கள் இன்றும் புதிய புதிய பதிப்புகளாக அதைப் படிக்கிறார்கள். அந்த நூல் வெளிவந்து 14 ஆண்டுகளிலேயே தமிழில் வந்துவிட்டது!

இதையெல்லாம் கிறீன் தனியாகச் செய்யவில்லை. அவருடைய மாணவர்களே அவருக்குத் துணை நின்றார்கள். இரண வைத்தியத்தைத் தமிழாக்கியவர் டன்போத். கெமிஸ்தத்தில் உழைத்தவர்கள் சப்மன், சுவாமிநாதன் ஆகியோர். டன்போத், சப்மன் என்ற பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் இப்படி ஆங்கிலப் பெயர்கள் சூட்டப்படுவது வழக்கம். மாணவர் மொழிபெயர்ப்பார். கிறீன் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் திருத்துவார். பிறகு அது அச்சுக்குப் போகும்.

புதிய சொற்களை எப்படி உருவாக்கினார்கள் தெரியுமா? அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் அந்தச் சொல் தமிழில் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடுவார்கள். நாட்டு வைத்தியர்களின் வழக்கிலும் நூல்களிலும் நல்ல சொற்கள் பல இருந்தன. தமிழில் கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி மாற்றி எடுப்பார்கள். கெமிஸ்ரி என்பது கெமிஸ்தம் ஆனது இப்படித்தான். கண்டபடி சொல் படைத்தால் ஆளுக்கொரு சொல் வந்து குழப்பம் உண்டாகும் அல்லவா? அதனால் அருஞ்சொற்களின் அகராதிகளையும் தயாரித்தார்கள்.

இப்படி உருவான நூல்களின் பக்கங்களைக் கூட்டினால் 4,000 ஐயும் தாண்டும். கணினி இல்லை. தட்டச்சுப் பொறியும் இல்லை. பகலிலே நோயாளர், மாணவர். மீதி நேரத்தில் கையெழுத்துப் பிரதிகள். மானிப்பாய் அச்சகம் இப்பணிக்குக் கைகொடுத்தது. பின்னாளில் சில நூல்கள் தமிழகத்தின் தென்கோடியிலுள்ள நாகர்கோயிலில் அச்சாகின. கெமிஸ்தம் அங்கேதான் அச்சிடப்பட்டது.

ஊருக்கு ஊர் வைத்தியர்

கிறீன் பயிற்றுவித்த வைத்தியர்கள் மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

அறுபது என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வாந்திபேதி என்ற கொலரா 19 ஆம் நூற்றாண்டில் பல தடவை யாழ்ப்பாணத்தைத் தாக்கியது. 1866 ஆம் ஆண்டளவில் பரவிய வாந்திபேதி மிகக் கொடியது. அந்த நோய் வந்தால் உடலிலுள்ள நீரெல்லாம் வேகமாக வெளியேறிவிடும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இறந்துபோவதும் உண்டு. அது ஒரு கிருமியால் வருவது என்பதை ஜேர்மனியரான ரொபேட் கொக் 1884 ஆம் ஆண்டளவிலேதான் உலகத்துக்கு நிறுவிக் காட்டினார். அப்படிப்பட்ட காலத்தில், பயந்து ஓடாமல் பக்கத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் ஊரிலே இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! பிரசவத்துக்கும் அப்படித்தான், முறிவுக்கும் அப்படித்தான். ஏழு மைல் தொலைவில் இருக்கும் பெரிய வைத்தியரை விட, ஏழாவது வீட்டில் இருக்கும் வைத்தியரே அவசரத்துக்கு உதவுவார்.

கடல் கடந்தும் தமிழ்

ஓயாத உழைப்பு கிறீனின் உடலைப் பாதித்தது. 1873 ஆம் ஆண்டு குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். அதன் பிறகு அவர் இலங்கைக்கு வர முடியவில்லை. ஆனால் தமிழை விடவில்லை. தாம் பிறந்த கிறீன் ஹில் வீட்டிலிருந்தபடியே தமிழ் வைத்திய நூல்களைத் திருத்தினார். சுற்றிலும் யாருக்கும் தமிழ் தெரியாத ஊரில், பனி கொட்டும் குளிர்காலத்தில், ஒருவர் மேசையில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைத் திருத்திக்கொண்டிருப்பதை மனக்கண்ணில் பாருங்கள்.

1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் திகதி அவர் வூஸ்டரில் காலமானார். வயது 61. அவருடைய கல்லறையில் பட்டங்களும் பதவிகளும் பொறிக்கப்படவில்லை. தமிழருக்காகப் பணிசெய்த வைத்தியத் தொண்டர் என்ற கருத்துள்ள சிறு வாசகம் அவர் விருப்பப்படி பொறிக்கப்பட்டது. அமெரிக்காவிலுள்ள ஒரு கல்லறையில் தமிழர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

பின்பு என்ன நடந்தது?

கிறீன் போன பிறகு தமிழ்மொழி மூல வைத்திய வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு இருந்த மதிப்பும், அரசாங்க உத்தியோகத்தின் கவர்ச்சியும் பெரியவை. வைத்திய அறிவும் வேகமாக வளர்ந்தது. புதிய கண்டுபிடிப்புகளைத் தொடர்ந்து தமிழில் எழுதிக்கொண்டே இருந்தால்தான் வகுப்பு நடக்கும். அப்படி எழுத ஆள் இல்லாமற் போனது. கிறீனின் நூல்கள் பழைய நூலகங்களுக்குள் ஒதுங்கின.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். மானிப்பாயில் அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிக் காட்டியிருக்கிறார்கள் என்று பதில் சொல்ல அவருடைய நூல்கள் சாட்சியாக இருக்கின்றன. இன்று நீங்கள் பாடசாலையில் விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பாதையில் முதலில் கல்லையும் முள்ளையும் அகற்றியவர்களுள் அவரும் ஒருவர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 ஆம் ஆண்டு மருத்துவ பீடம் தொடங்கப்பட்டது. அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. உலகெங்குமுள்ள வைத்திய நூல்களை வாசிக்க ஆங்கிலம் தேவை. அதேசமயம், படித்து முடித்தவர் நோயாளியின் கட்டிலருகே போனால் அங்கே இருப்பவர் பேசுவது நம் ஊர்த் தமிழ். இரண்டும் தெரிந்தவர்தான் நல்ல வைத்தியர்.

கிறீன் அன்று கேட்ட கேள்வி மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. படித்து வைத்தியரானவர்கள் ஏன் கிராமத்திலே தங்குவதில்லை? தங்க வைக்க என்ன செய்யலாம்? இலங்கையில் மட்டுமல்ல, இந்தியாவிலும், பணக்கார நாடான அமெரிக்காவிலும் கூட நகரங்களில் வைத்தியர் அதிகம், கிராமங்களில் குறைவு. அவர் பிறந்த நாட்டிலேயே இன்னும் தீராத பிரச்சினைக்கு, மானிப்பாயில் இருந்து ஒரு விடை தேடினார் கிறீன். வைத்தியர் கிராமத்திலே தங்க வேண்டுமானால், கிராமத்துப் பிள்ளையை எடுத்து, கிராமத்து நோயாளர் நடுவிலே, அவர்கள் பேசும் மொழியிலே பழக்க வேண்டும் என்பதே அவருடைய விடை. அவர் சொன்ன விடை முழுவதும் சரியா, பாதி சரியா என்று பெரியவர்கள் இன்றும் யோசிக்கிறார்கள்.

பெரிய ஆளாகி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் உங்களில் பலர் டொக்டர் ஆவேன் என்று சொல்வீர்கள். மிக நல்லது. அடுத்த முறை அப்படிச் சொல்லும்போது, எந்த ஊரில் டொக்டராக இருக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசித்து வையுங்கள்.

கிறீன் காலத்துச் சொற்களும் இன்றைய சொற்களும்

அங்காதிபாதம் - உடற்கூற்றியல். உடலில் எந்த உறுப்பு எங்கே, எப்படி அமைந்துள்ளது என்று சொல்லும் கல்வி.

சுகரணம் - உடற்றொழிலியல். அந்த உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும் கல்வி.

உற்பாலனம் - சுகாதாரம். நோய் வராமல் உடலைப் பேணும் முறை.

இரண வைத்தியம் - சத்திரசிகிச்சை. இரணம் என்றால் புண் அல்லது காயம்.

பிரசவ வைத்தியம் - மகப்பேற்றியல்.

கெமிஸ்தம் - இரசாயனவியல்.

இவற்றில் எந்தச் சொல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, பழையதா, புதியதா? வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.